உப்புக் காற்றும் ஓதம் ஏறிய சுவரும்

அடைமழை முடிந்து பொங்கல் விடுமுறைக்குப் பூட்டைத் திறந்தால், முதலில் வந்து முகத்தில் அறைவது பூசண வாடைதான். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் குடியிருந்துகொண்டு, ஈ.சி.ஆரில் உத்தண்டியிலோ கானத்தூரிலோ கோவளத்திலோ சின்னதாக ஒரு கடற்கரை வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன வாடை. உடனே பெயின்டரைக் கூப்பிடுவார்கள். அவர் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த கார்த்திகைக்குள் அதே இடத்தில் மறுபடி உப்பி உரியும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எந்த பெயின்ட் அடித்தாலும் நிற்காது.

ஊருக்குள் இருக்கும் வீட்டைப் போலக் கடலோர வீட்டை நினைத்துவிடக் கூடாது. 2015 டிசம்பர் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து சுவர்கள் ஊறிப்போயின. ஆனால் தண்ணீர் வடிந்து வெயில் வந்த பிறகு அந்தச் சுவர்கள் காய வழி இருந்தது. கடலோரச் சுவருக்கு அந்த வழியை அடைப்பது உப்பு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசியுமே, அதேதான் சுவருக்குள்ளும் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கடற்கரையில் அந்த அளவை மழைக்காலம் முழுக்க எளிதாகத் தாண்டும். அதனால் ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் சுவர் வேர்க்கிறது.

கடல் காற்று கொண்டுவரும் உப்பு ஒரு பங்குதான். கட்டும்போதே நாம் கலந்துவிடும் உப்பும் உண்டு. திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை பல இடங்களில் நிலத்தடி நீரை அதிகம் உறிஞ்சியதால் கடல் நீர் உள்ளே புகுந்திருக்கிறது. அந்த போர் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதையே தெளித்து க்யூரிங் செய்தால், உப்பைச் சுவருக்குள் வைத்துப் பூசியதாகிவிடும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. தாண்டினால் கம்பி துருப்பிடித்து, தளத்தின் அடிப்பக்கம் வெடித்து விழும். தண்ணீரைப் பரிசோதிக்க ஆகும் செலவு அற்பம். ஆனாலும் பலர் அதைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சுவரில் தெரிவது எது என்று பிரித்துப் பார்ப்பதும் முக்கியம். வெள்ளையாகப் பொடிந்து நிற்பது உப்பு. தண்ணீர் தொட்டால் கரைந்துவிடும். அதைக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாகப் படர்வது பூசணம். இதை உலர்வாகத் தேய்த்தால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் வெளியே அனுப்பிவிட்டு, மாஸ்க் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். டைல்ஸ் மேல் பிளீச்சிங் கரைசல் நன்றாக வேலை செய்யும். பூச்சுச் சுவருக்குள் அது இறங்காது. பிளீச்சிங்கோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்தா என்று அறிய ஒரு பாலித்தீன் தாள் போதும். சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. தரையோரமாக மட்டும் என்றால் அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது; மேலே என்றால் மொட்டை மாடித் தளத்தையும் குழாய்களையும் பாருங்கள். தாளின் முன்பக்கம் நனைந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை.

காற்றோட்டத்துக்கும் நேரம் பார்க்க வேண்டும். கோடையில் மேற்கிலிருந்து வரும் காலைக் காற்று உலர்ந்தது. மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்து ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அதனால் முற்பகலில் எல்லா ஜன்னல்களையும் திறந்து, கடல் காற்று ஏறியதும் சாத்துவது நல்லது. மழைக்காலத்தில் பக்கத்தில் உள்ளவரிடம் சாவி கொடுத்து, வெயில் அடிக்கும் நாட்களில் உச்சி வேளையில் திறந்து வைத்து, ஃபேனைப் போடச் சொல்லுங்கள். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள். பஞ்சு மெத்தையை அங்கே விட்டுவிட்டு வருவதைவிட, போகும்போது பாய் எடுத்துப் போவதே மேல்.

பூச்சு கெட்டுப்போயிருந்தால் அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு போடலாம். அது சுவரின் ஈரத்தை வெளியே விடும், அதன் காரத்தில் பூசணம் எளிதில் பிடிக்காது. சிமென்ட்டைப் பூசி ஆயில் பெயின்ட் அடித்தாலோ, இடுப்பு உயரம் டைல்ஸ் ஒட்டினாலோ ஓதம் இன்னும் மேலே ஏறுமே தவிர நிற்காது. வேலையைத் தையிலேயே அவசரமாகத் தொடங்க வேண்டாம். கொத்திய செங்கல்லை மாசி, பங்குனி வெயிலில் காயவிட்டு, பாலித்தீன் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்து, பின்பக்கம் உலர்ந்திருந்தால் மட்டும் கொத்தனாரை வரச் சொல்லுங்கள்.