பாதம் சொல்லும் தீர்ப்பு

பழனிக்கு அருகே, கரும்பு விளையும் ஊர் நெய்க்காரப்பட்டி. அங்கே நின்று தெற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் மதில்போல் எழுந்து நிற்கும். அந்த மதிலின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். வரைபடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தாம். ஆனால் இரவில் படுக்கையறைக்குள் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு உலகங்கள்!

1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அங்குள்ள பழைய பங்களாக்கள் பலவற்றில் மரப்பலகைத் தரையைக் காணலாம். கீழே நெய்க்காரப்பட்டிப் பக்கத்திலோ முன்பு சாணம் மெழுகிய தரை, அதன்பின் காவி கலந்து பூசிய சிவப்புச் சிமெண்டுத் தரை, இப்போது டைல்ஸ். கடைகளில் இன்று தேக்குப் பலகை போலவே ரேகையும் கணுவும் உள்ள டைல்ஸ் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் புதிதாகப் படுக்கையறை கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அசல் மரம் வேண்டும் என்கிறார் அப்பா. மரம் போன்ற டைல்ஸ் போதும் என்கிறார் அம்மா. நீங்கள் யார் கட்சி?

கட்சி சேருவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு மரத்துண்டையும் அதே அளவு டைல் துண்டையும் அறையில் சில மணி நேரம் வைத்திருங்கள். பிறகு இரண்டையும் தொடுங்கள். டைல் குளிர்ந்திருப்பதாகத் தோன்றும். ஆனால் வெப்பமானி வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வெப்பநிலைதான்! அடுத்து, இரண்டின் மீதும் ஒரே அளவுள்ள பனிக்கட்டிகளை வையுங்கள். எது முதலில் உருகும்? 'குளிர்ந்த' டைலின் மேல் இருப்பதுதான்.

காரணம் இதுதான். நம் பாதம் வெப்பநிலையை உணர்வதில்லை. வெப்பம் எவ்வளவு விரைவாக உடலை விட்டு ஓடுகிறது என்பதையே உணர்கிறது. மரத்தில் எண்ணற்ற நுண்ணிய குழாய்கள் உள்ளன. காய்ந்த மரத்தில் அவற்றுள் காற்றுதான் நிரம்பியிருக்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. டைலோ அடர்த்தியான பொருள். மரத்தைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே பாதத்தின் வெப்பத்தை டைல் உறிஞ்சிக்கொள்கிறது. பனிக்கட்டிக்கோ அதே வேகத்தில் வெப்பத்தை வழங்குகிறது.

இதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். கொடைக்கானலில் ஒரு குளிர்கால விடியலில் தரை 14 டிகிரி செல்சியஸ், உங்கள் பாதம் 32 டிகிரி என்று கொள்வோம். மரத்தின் மேல் கால் வைத்ததும் தோல் ஏறத்தாழ 27 டிகிரிக்கு இறங்கும். டைலின் மேல் ஏறத்தாழ 22 டிகிரிக்கு. ஐந்து டிகிரி வித்தியாசம்! காலைச் சுருக்கென்று இழுத்துக்கொள்வீர்கள். இப்போது மலையை விட்டுக் கீழே வாருங்கள். நெய்க்காரப்பட்டியில் ஒரு சித்திரை இரவு. தரை 30 டிகிரி, பாதம் 33 டிகிரி. அதே கணக்கைப் போட்டால் இரண்டு தரைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை. மரத்தின் பெரிய பெருமை கீழே வரும்போது கரைந்துவிடுகிறது. புழுக்கத்தில் பாய் விரிக்காமல் வெறுந்தரையில் படுப்பவர்களுக்கு டைலின் அந்தச் சிறு குளிர்ச்சிதான் வேண்டியிருக்கிறது.

அடுத்தது ஈரம். வெட்டிக் காயவைத்துப் பலகையாக்கிய பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதையும் வெளிவிடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது மரத்தின் எடையில் சுமார் 9 சதவீதம் நீர் இருக்கும். 70 சதவீதமானால் சுமார் 13 சதவீதம். திண்டுக்கல் சமவெளியில் கோடை வறண்டது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இந்த மாற்றத்தில் 10 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகை முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு விரியக்கூடும். அற்பம் என்று நினைக்கிறீர்களா? 3 மீட்டர் அறையில் இத்தகைய 30 பலகைகள். இடைவெளியின்றி இறுக்கியிருந்தால் மொத்தம் 2 சென்டிமீட்டருக்கும் மேல் இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் தரை மேலே புடைத்துக்கொள்ளும். அனுபவமுள்ள ஆசாரி சுவரோரத்தில் இடைவெளி விடுவது இதனால்தான். பலகை நீளவாக்கில் அநேகமாக விரிவதே இல்லை என்பது ஒரு வேடிக்கை. டைலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வெப்பம் 15 டிகிரி ஏறினாலும் 3 மீட்டர் நீளத்துக்கு அது அரை மில்லிமீட்டர்கூட நீளாது.

கரையானையும் மறந்துவிடக் கூடாது. வைரம் பாய்ந்த தேக்கில் கரையானுக்குப் பிடிக்காத இயற்கை வேதிப்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அடிமரத்தின் வெளிச்சுற்றில் உள்ள வெளிறிய பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மலிவான பலகையில் அந்தப் பகுதிதான் அதிகம்.

செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். பர்மாத் தேக்கைக் கப்பலில் வரவழைத்தவர்கள், அதைத் தூணாகவும் கதவாகவும் நிறுத்தினார்கள். காலடியில் போட்டதோ பளிங்குக் கல்லும் ஆத்தங்குடிக் கல்லும். வசதி இல்லாமலா அப்படிச் செய்தார்கள்?

மரம் போன்ற டைல் எப்படிப் பிறக்கிறது? களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றின் தூளைப் பெரும் அழுத்தத்தில் தகடாக்குகிறார்கள். அதன் மேல் மரத்தின் படத்தை மைத்துளிகளாகத் தெளித்து அச்சிடுகிறார்கள். பிறகு சுமார் 1,200 டிகிரி சூளையில் சுடுகிறார்கள். குஜராத்தின் மோர்பி நகரம் இத்தொழிலுக்குப் பேர்போனது. இப்படிச் சுட்ட நல்ல டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவான நீரையே உறிஞ்சும். குறையும் உண்டு. படம் மேல்தோலில் மட்டுமே இருப்பதால், இரும்புச் சாமான் விழுந்து சில்லு பெயர்ந்தால் உள்ளே இருக்கும் மண் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். மரத்தில் கீறல் விழுந்தால் இழைத்துப் புதிதாக்கலாம்.

நெய்க்காரப்பட்டிப் படுக்கையறைக்கு என் ஓட்டு டைல்ஸுக்குத்தான். ஆனால் வழவழப்பானதற்கு அல்ல. இரவில் எழுந்து நடக்கும் பாட்டி ஈரக்காலோடு வழுக்கி விழாதபடி சொரசொரப்பானது வேண்டும். கொடைக்கானலில் கட்டுவதாக இருந்தால் அப்பா கட்சியில் சேர்ந்துவிடுவேன்.

கடைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். பத்துப் பதினைந்து டைல்களைத் தரையில் பரப்பச் சொல்லி, ஒரு கணுவை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அதே கணு மறுபடி எத்தனையாவது டைலில் வருகிறது? அசல் மரத்தில் ஒரு கணு இன்னொன்றைப் போல் இருக்காது. டைலிலோ மூன்றாவதிலேயே திரும்ப வந்தால், அம்மாவிடம் வேறு ரகம் பார்க்கச் சொல்லுங்கள்.