இல்லாத ஓர் ஆட்டக்காரர்

டோனி க்வின், டிம் ரெய்ன்ஸ் இருவரும் ஒரே காலத்தில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடியவர்கள். பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தால் அது ஒரு ‘ஹிட்’. க்வின் அடித்தது மொத்தம் 3,141 ஹிட். ரெய்ன்ஸ் அடித்தது 2,605. பேஸ்பாலில் 3,000 ஹிட் என்பது டெஸ்ட் கிரிக்கெட்டில் பத்தாயிரம் ரன் மாதிரி. சூதாட்டம், ஊக்கமருந்து என்று கறை ஏதும் இல்லாவிட்டால் அதைத் தாண்டியவரிடம் யாரும் தகுதிச் சான்று கேட்பதில்லை. 2007இல், பட்டியலுக்கு வந்த முதல் ஆண்டிலேயே, 97 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளோடு க்வின் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். மறு ஆண்டு பட்டியலுக்கு வந்த ரெய்ன்ஸுக்குக் கிடைத்ததோ 24 சதவீதம்தான். கடைசி வாய்ப்பான 2017 வரை அவர் வாசலிலேயே நின்றார்.

பந்து வீசுபவர் நான்கு பந்துகளை உரிய இடத்துக்கு வெளியே வீசிவிட்டால், மட்டையாளர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். இதற்கு ‘வாக்’ என்று பெயர். க்வின்னுக்குக் கிடைத்த வாக் 790, ரெய்ன்ஸுக்கு 1,330. ஹிட்டையும் வாக்கையும் கூட்டிப் பார்த்தால் க்வின் 3,931, ரெய்ன்ஸ் 3,935.

ஒருவர் ஒரே ஆண்டில் உள்ளே, மற்றவர் பத்தாண்டு வெளியே. இருபது, முப்பது ஆண்டுகளாக இந்த வாக்கெடுப்பைச் சுற்றி நடக்கும் சண்டைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் இருக்கிறது அந்த மண்டபம். முதல் தேர்வு 1936இல் நடந்தது, கட்டடம் 1939இல் திறந்தது. பத்து பருவங்களாவது ஆடி, ஓய்வு பெற்று ஐந்தாண்டு ஆனவர்கள் பட்டியலுக்கு வருவார்கள். வாக்களிப்பவர்கள் நெடுங்கால அனுபவமுள்ள பேஸ்பால் பத்திரிகையாளர்கள். 75 சதவீதம் கிடைத்தால் உள்ளே. 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பெயர் அடியோடு நீங்கும். இடைப்பட்டவர்களுக்குப் பத்தாண்டு கெடு. 2014 வரை அது பதினைந்து ஆண்டாக இருந்தது. இங்கே தவறியவர்களை எடுத்துப் பார்க்கத் தனிக் குழுக்களும் உண்டு.

அடிக்காமல் நடந்து போனதற்கு ஏன் மதிப்பு? பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். ஆக மொத்தம் 27 அவுட்தான் கையிருப்பு. அவுட் ஆகாமல் பேஸில் போய் நிற்பது எப்படி நடந்தாலும் கையிருப்பு கரையவில்லை. இதைக் கணக்காகவே போடலாம். மூன்று பேஸ்களில் எதெதில் ஆள் நிற்கிறார் என்பதற்கு எட்டு வகை, அவுட்டின் எண்ணிக்கைக்கு மூன்று வகை. ஆட்டம் எந்த நேரத்திலும் இந்த 24 நிலைகளில் ஒன்றில்தான் இருக்க முடியும். ஒவ்வொரு நிலையிலிருந்தும் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன் வந்திருக்கிறது என்று பழைய ஆட்டங்களிலிருந்து எடுத்துவிடலாம். கனடாவின் பாதுகாப்பு ஆய்வாளர் ஜார்ஜ் லிண்ட்சே 1960களில் இதைச் செய்தார். அவருக்காக வானொலியின் முன் உட்கார்ந்து ஆட்டங்களைக் குறித்துக் கொடுத்தவர் அவருடைய அப்பா. இப்படியொரு அப்பா எத்தனை ஆய்வாளர்களுக்கு வாய்க்கும்!

அவுட் இல்லை, பேஸில் ஆளும் இல்லை என்றால் அந்த அட்டவணை சொல்வது சுமார் 0.5 ரன். முதல் பேஸில் ஒருவர் நின்றால் சுமார் 0.9. அங்கிருந்து அவர், பந்து அடிக்கப்படாமலே ஓடி, இரண்டாம் பேஸைத் திருடிவிட்டால் 1.1, திருடப் போய் அகப்பட்டால் 0.3க்கும் கீழே. வெற்றியில் வரும் லாபம் சிறிது, தோல்வியில் போவது பெரிது. பத்தில் ஏழு தடவைக்கு மேல் ஜெயிக்க முடியாதவர் நின்ற இடத்திலேயே நிற்பது அணிக்கு நல்லது. ரெய்ன்ஸ் 954 முறை முயன்று 808 முறை ஜெயித்தார். ஹிட் என்பது வாக்கைவிடக் கொஞ்சம் விலை கூடியது. முன்னால் நிற்பவரை அது சில நேரம் இரண்டு பேஸ்கூடத் தள்ளிவிடும். அந்த வகையில் க்வின்னுக்கு உள்ள முன்னிலையை ரெய்ன்ஸின் கால்கள் பெருமளவு ஈடுகட்டின.

பந்து வீசுபவர்கள் கதை இன்னும் சிக்கல். நூறாண்டாக அவர்களை அளந்தது ‘வெற்றி’ என்ற கணக்கு. அணி ஜெயித்தால் அந்த ஜெயத்தை ஒரு பிட்சர் பெயரில் எழுதுவார்கள். தன் அணி ஒரு ரன்கூட எடுக்காவிட்டால் அவர் எவ்வளவு நன்றாக வீசியும் பயனில்லை. ஹாலந்தில் பிறந்த பெர்ட் பிளைலெவன் 3,701 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தவர், அதாவது பந்தை மைதானத்துக்குள் அடிக்கவிடாமலே வெளியேற்றியவர். எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் தனியாளாக முடித்த ஆட்டங்கள் 60. ஆனால் வெற்றி 287, தோல்வி 250. முன்னூறு தொடவில்லை, ஆடிய அணிகள் பலவும் சுமார். 1999இல் அவருக்கு விழுந்தது 14 சதவீதம். அவர் காலத்தவரான ஜாக் மாரிஸ் பெயரில் ஓர் ஒப்பற்ற இரவு இருந்தது. 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் மினசோட்டா அணிக்காக, ஒன்பதில் முடியாமல் நீண்ட ஆட்டத்தின் பத்து இன்னிங்ஸும் தானே வீசி, 1–0 என்று முடித்தார். அதைப் பார்த்தவர்களுக்கு அவர் மேதை என்பதில் ஐயமே இல்லை. ஆனால் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி 3.90, பிளைலெவன் கொடுத்தது 3.31. அணி முன்னிலையில் இருந்தபோது மாரிஸ் அலட்டிக்கொள்ளாமல் வீசினார், அதனால்தான் அந்த எண் கூடிவிட்டது என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். அவருடைய ஆட்டங்களை இன்னிங்ஸ் இன்னிங்ஸாகப் புரட்டிப் பார்த்தபோது அதற்குத் தடயம் அகப்படவில்லை.

இதைவிடத் தூக்கிவாரிப் போடும் ஒன்றை 2001இல் வோரஸ் மெக்ராக்கன் எழுதினார். ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன் ஆகியவற்றைத் தள்ளிவிட்டு, மைதானத்துக்குள் அடிக்கப்படும் பந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றில் எத்தனை ஹிட் ஆகின்றன என்பதில் நல்ல பிட்சருக்கும் சுமாரான பிட்சருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றார். எல்லோருக்கும் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது. மீதி பெரும்பாலும் தடுப்பவர்களின் கால்களும் அதிர்ஷ்டமும். பிற்பாடு இதில் சில திருத்தங்கள் வந்தன, ஆனால் அடித்தளம் நின்றது. பிளைலெவனுக்காக இணையத்தில் விடாமல் எழுதிவந்த ரிச் லெடரர் போன்றவர்களின் பேச்சு மெல்ல எடுபட்டது. 2010இல் ஐந்து வாக்கில் தவறவிட்டு, 2011இல், பதினான்காவது முறை, பிளைலெவன் உள்ளே போனார்.

ஓர் ஆட்டக்காரரின் எண்களில் ஊர்க்காற்றுக்கும் பங்குண்டு. டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும். சுழன்று வளைய வேண்டிய பந்தும் சரியாக வளையாது. உலர்ந்த பந்து இன்னும் துள்ளும் என்பதால் 2002இலிருந்து பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைக்கிறார்கள். அங்கே ஆடிய லாரி வாக்கரின் எண்களை எல்லோரும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். மைதானத்தின் சலுகையைக் கழித்த பிறகும் மிஞ்சியது ஏராளம் என்று கணக்குச் சொன்னது. 2020இல், தன் கடைசி வாய்ப்பில், 76.6 சதவீதத்தில் அவர் தேறினார்.

இத்தனையையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் முயற்சிதான் ‘வார்’ என்ற அளவு. அதன் அடியில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த கற்பனை. உண்மையில் இல்லாத ஓர் ஆட்டக்காரரை முதலில் உருவாக்குகிறார்கள். கீழ்நிலை லீகிலிருந்து குறைந்த சம்பளத்துக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடக்கூடிய ஆள் அவர். அணி முழுக்க இப்படிப்பட்டவர்களே ஆடினால் 162 ஆட்டங்களில் சுமார் 48 ஜெயிக்கலாம். நாம் அளக்கும் ஆட்டக்காரருடைய இடத்தில் அந்தக் கற்பனை ஆள் நின்றிருந்தால் அணி எத்தனை வெற்றிகளை இழந்திருக்கும்? பத்து ரன்னுக்கு ஏறக்குறைய ஒரு வெற்றி என்ற விகிதத்தில் விடை வரும். பிளைலெவனுக்கு அது 95க்குப் பக்கம். மாரிஸுக்கு 44க்குப் பக்கம். ஆனாலும் 2017 டிசம்பரில் ஒரு குழு மாரிஸையும் உள்ளே அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு இன்னொரு குழு, 40கூடத் தொடாத ஹெரால்ட் பெய்ன்ஸைச் சேர்த்தது. பத்திரிகையாளர்கள் அவருக்கு 7 சதவீதம்கூடக் கொடுத்ததில்லை. நல்ல மனிதர், நல்ல மட்டையாளர். ஆனால் அந்தத் தேர்வை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை.

இந்த எண்ணும் ஒரு மதிப்பீடுதான். பிட்சர்களைப் பொறுத்தவரை இரண்டு புகழ்பெற்ற தளங்கள் வேறுவேறு அடிப்படையில் கணக்கிட்டு வேறுவேறு விடை தருகின்றன. பழங்காலத்துத் தடுப்பாட்டத்தைப் பற்றிய எண்கள் இன்னும் தளர்வானவை. 61க்கும் 63க்கும் நடுவில் கோடு கிழிப்பவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். குறுகிய காலம் மின்னியவரை எங்கே வைப்பது என்பதையும் அது தானாகச் சொல்லாது. முப்பது வயதில் கைவலியோடு விலகிய சாண்டி கோஃபாக்ஸுக்கு வெற்றி 165தான்; அவரில்லாத மண்டபத்தை யாரும் ஏற்கமாட்டார்கள். மொத்த வார் எண்ணையும் சிறந்த ஏழு பருவங்களின் எண்ணையும் சராசரி எடுக்கும் ஜே ஜாஃபியின் முறை இதற்கு ஓரளவு மருந்து. பாரி பாண்ட்ஸ் விஷயத்தில் அதுவும் உதவாது. 762 ஹோம் ரன் அடித்தவர், ஊக்கமருந்துச் சந்தேகத்தால் 2022இல் 66 சதவீதத்தோடு வெளியேறினார். நேர்மையையும் கணக்கில் எடு என்று வாக்கு விதியே சொல்கிறது. தடைசெய்யப்பட்ட எச்சில் பந்தை வீசியதாகப் புத்தகமே போட்ட கேலார்ட் பெரி 1991இலிருந்து உள்ளேதான் இருக்கிறார்!

பாண்ட்ஸைப் பற்றி வாதிடுபவர்களுக்குப் பஞ்சமில்லை. நான் வாதிட விரும்புவது லூ விட்டேக்கருக்காக. டெட்ராய்ட் அணியில் அவரும் ஆலன் டிராமலும் 1977இல் ஒரே நாளில் அறிமுகமாகி, 1,918 ஆட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடினார்கள். டிராமலின் வார் 70ஐ ஒட்டியது, விட்டேக்கருடையது 75ஐ ஒட்டியது. டிராமல் 2017இல் மாரிஸோடு சேர்ந்து தேர்வானார். விட்டேக்கர் 2001இல் முதல் வாக்கெடுப்பிலேயே 2.9 சதவீதம் வாங்கிப் பட்டியலை விட்டுப் போயிருந்தார். அவருடைய பலம் நிறைய வாக், இரண்டாம் பேஸைக் காப்பவருக்கு அரிதான 244 ஹோம் ரன், சலனமில்லாத தடுப்பாட்டம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். கண்ணைப் பறிக்கும் ஒற்றை எண் எதுவுமில்லை. அவற்றைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் அப்போது வாக்காளர்களிடம் இல்லை. 2019இல் குழு அவரை மறுபடி எடுத்துப் பார்த்தபோது கிடைத்தது 16இல் 6 வாக்கு. தேவைப்பட்டது 12.