'நல்ல தண்ணி' எவ்வளவு நல்லது? ஆலங்குடி வீட்டுக் குழாயின் முழுக் கணக்கு

"நல்ல தண்ணி வந்துருச்சா?"

புதுக்கோட்டை மாவட்டத்தில் காலை நேரத்தில் தெருவுக்குத் தெரு காதில் விழும் கேள்வி இது. துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ போர்த் தண்ணீர். சோறு பொங்க, குடிக்க குழாயில் வரும் 'நல்ல தண்ணி'. இந்த இரண்டோடு இப்போது பல வீடுகளில் மூன்றாவதாக 20 லிட்டர் கேனும் வந்து உட்கார்ந்துவிட்டது. குழாய்க்கும் கட்டணம், கேனுக்கும் காசு. 'நல்ல தண்ணி' என்று பெயர் வைத்த தண்ணீரை, குடிக்க மட்டும் நம்புவதில்லை.

அந்தச் சந்தேகம் சரியா, தவறா என்று வீட்டிலிருந்தபடியே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன கட்டுகிறீர்கள்?

எங்கிருந்து வருகிறது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு எல்லாமே மழையை நம்பிய ஆறுகள். அதனால்தான் முன்னோர் கண்மாயும் குளமும் ஊருணியும் வெட்டிவைத்தார்கள். குடிப்பதற்கென்றே காக்கப்பட்ட ஊருணியில் கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள். கலங்கல் இருந்தால் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசித் தெளியவைத்தார்கள்.

பிறகு ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் வந்தன. மாவட்டத்தின் மேற்குப் பக்கம் பாறை நிலம். ஆலங்குடியைத் தாண்டிக் கிழக்கே போகப் போக வண்டல் படிவு நிலம். கீரமங்கலம், கொத்தமங்கலம் வட்டாரத்தில் விவசாய போர்கள் பல நூறு அடிக்குக் கீழே போய்விட்டன. ஆழம் மாறினால் தண்ணீரின் ருசியும் உப்பும் மாறும்.

மூன்றாவது வழி காவிரி. திருச்சி அருகே காவிரியில் எடுக்கும் நீரை ராமநாதபுரம் வரை கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்ட ஊர்களும் பயன்பெறுகின்றன. இதுபோன்ற பெரிய திட்டங்களைக் கவனிப்பது 1971-ல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். ஊருக்குள் வந்த பிறகு தொட்டியில் ஏற்றி வீடுகளுக்குத் திறந்துவிடுவது உள்ளாட்சியின் வேலை.

ஆலங்குடி ஊருக்குள் அந்த உள்ளாட்சி பேரூராட்சி. ஊர் எல்லையைத் தாண்டினால் கிராம ஊராட்சிகள். எனவே, புகார் சொல்லும் முன் உங்கள் வீடு யார் எல்லையில் இருக்கிறது, உங்கள் தெருத் தொட்டிக்கு ஏறுவது காவிரியா, போர்த் தண்ணீரா, இரண்டும் கலந்ததா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி இயக்குபவருக்கு இது அத்துப்படி.

இதில் எந்த வழியாக வந்தாலும் தண்ணீரை மேலே ஏற்றுவது மின்சாரம். 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது இந்த வட்டாரம் அதை நன்றாகவே உணர்ந்தது. பல ஊர்களில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பினார்கள்.

எத்தனை குடம் வர வேண்டும்?

பாதாளச் சாக்கடை இல்லாத, குழாய்க் குடிநீர் உள்ள சிற்றூர்களுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் பொறியியல் கையேடு சொல்லும் அளவு. 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்கு 55 லிட்டர்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு 70 லிட்டர் கணக்கில் ஒரு நாளைக்கு 280 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் என்று வைத்தால் 19 குடம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தால் முறைக்கு 37 குடம் நிரம்ப வேண்டும். ஒரு மாதம் காலண்டரில் குடக் கணக்கை எழுதிப் பாருங்கள். "தண்ணி சரியா வரல" என்று சொல்வதைவிட, "இந்த மாதம் 15 முறையில் 9 முறை 20 குடம்கூட நிரம்பவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மோட்டார் போட்டால் யாருக்கு நஷ்டம்?

கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராததற்கு முதல் காரணம், முன் வீடுகளில் குழாயோடு நேரடியாகப் பொருத்தும் மின்மோட்டார். இது விதிமீறல், மோட்டாரைப் பறிமுதல் செய்யலாம், இணைப்பையும் துண்டிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து சுகாதாரம் சம்பந்தப்பட்டது.

நம் ஊர்களில் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் நிற்பதில்லை. திறக்காத நேரத்தில் குழாய் காலி. அப்போது அதில் விரிசலோ, தளர்ந்த இணைப்போ இருந்தால் சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே கசியும். மோட்டார் போட்டு உறிஞ்சும்போது அந்தக் கசிவு இன்னும் வேகமாகும். வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடை வாய்க்காலுக்குள் புகுந்து போகும் தெருக்களில் இது நேராக வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். தொட்டியில் சுத்தமாக இருந்த தண்ணீர் சமையலறைக்கு வருவதற்குள் கெட்டுப்போவது இப்படித்தான்.

வீட்டில் செய்யக்கூடியது மூன்று. தண்ணீர் திறந்ததும் முதல் சில நிமிடம் வருவதைச் செடிக்கோ கழிப்பறைக்கோ பிடித்துவிட்டு, பிறகு குடிக்கப் பிடியுங்கள். உங்கள் இணைப்புக் குழாய் சாக்கடைக்குள் போகிறதா என்று பார்த்து, பிளம்பரை அழைத்து மேலே தூக்கிவையுங்கள். குழாயில் மோட்டார் வேண்டாம். தரைத்தொட்டியில் தானாக இறங்கவிட்டு, அங்கிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

பிளீச்சிங் வாடை அடிக்கிறதா?

"ஒரே மருந்து நாத்தம்" என்று பலர் கொட்டிவிடும் தண்ணீர்தான் உண்மையில் பாதுகாப்பானது. குளோரின் கலந்த நீர் கடைசிக் குழாய்க்கு வரும்போதும் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் தரநிலை. வழியில் கிருமி கலந்தாலும் அதைக் கொல்ல அந்த மிச்சம் தேவை. வாடை பிடிக்கவில்லை என்றால் மெல்லிய துணியால் மூடி அரை மணி நேரம் வைத்தால் குறைந்துவிடும்.

மற்ற அளவுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். கடினத்தன்மைக்கு இதே போல் 200, 600. புளோரைடு 1.0, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45-ஐத் தாண்டவே கூடாது. 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து ஒரு நிமிடம் விட்டால் கிருமி சாகும். உப்போ, புளோரைடோ, நைட்ரேட்டோ போகாது. நீர் வற்றுவதால் அவை சற்றுக் கூடவே செய்யும். நைட்ரேட் கூடிய நீரில் பால் மாவு கலக்கிக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாயலாம். புளோரைடு கூடினால் பல் காவி படியும், எலும்பு பாதிக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதே இந்தப் பிரச்னைக்காகத்தான்.

ஆர்.ஓ. இயந்திரம் உப்பை எடுக்கும் கருவி. உங்கள் குழாய் நீரில் உப்பு 500-க்குள் இருந்தால் அதற்குத் தேவையே இல்லை. சுத்திகரித்ததைவிட அதிகத் தண்ணீரை வெளியே கொட்டும் கருவி அது. சோதிக்காமல் வாங்குவது, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரை போடுவது போல.

எங்கே சோதிப்பது?

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் நீர் பரிசோதனைக் கூடங்கள் உள்ளன. பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். உப்பு, கடினத்தன்மை போன்றவற்றுக்குச் சுத்தமான கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில்தான்; அதை அலசக் கூடாது. குளிர்ச்சியாக வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஐந்தாறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு தெருவுக்கு ஒரு மாதிரி என்று கொடுத்தால் செலவும் குறையும், முடிவும் எல்லோருக்கும் பயன்படும்.

தொட்டியையும் மறக்காதீர்கள். மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்த தேதியையும் அடுத்த தேதியையும் அதிலேயே எழுதிவைப்பது வழக்கம். அது பழைய தேதியாக இருந்தால் கேளுங்கள். ஏணிக்கும் மூடிக்கும் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இதே மாவட்டத்தில், வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடல்நலம் கெட்ட பிறகே சந்தேகம் வந்து தொட்டியைப் பார்த்தார்கள். விசாரணை சி.பி.சி.ஐ.டி. வரை போனது. ஒரு தொட்டி முழுத் தெருவின் குடம் என்பதை அதன் பிறகும் யாரும் மறக்க முடியாது.

கட்டணம்: கேனா, குழாயா?

பேரூராட்சிகளில் பெரும்பாலும் மீட்டர் இல்லை. வீடு, கடை, தொழிற்கூடம் என்று வகை பிரித்து மாதத்துக்கு இவ்வளவு என்று மன்றம் நிர்ணயிக்கும் தொகைதான். இணைப்பு வாங்கும்போது வைப்புத்தொகை தனி. சாலையைத் தோண்டினால் அதற்கும் தனி. கட்டணத்தை அலுவலகத்திலும் செலுத்தலாம், இணையத்திலும் செலுத்தலாம். எப்படிக் கட்டினாலும் ரசீதில் இணைப்பு எண், எந்த மாதம் வரை, வகை 'வீடு'தானா என்ற மூன்றையும் சரிபாருங்கள். வீடு வாங்கியவர்கள் பெயர் மாற்றத்தோடு பழைய பாக்கியையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கேன் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளைக்கு ஒன்று என்றால் மாதம் 15 கேன், 525 ரூபாய். ஆண்டுக்கு 6,300 ரூபாய். ஒரு லிட்டர் 1 ரூபாய் 75 காசு. குழாய்க் கட்டணம் மாதம் 100 ரூபாய் என்று வைத்து, நாலு பேர் வீட்டுக்கு 8,400 லிட்டர் வந்தால் ஒரு லிட்டர் ஒன்றேகால் காசுகூட இல்லை. நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். உங்கள் ரசீதில் உள்ள தொகையைப் போட்டு நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

கேன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உரிம எண், நிரப்பிய தேதி, மூடியின் சீல் பாருங்கள். வெயிலில் நின்ற கேன் வேண்டாம்.

யாரிடம் கேட்பது?

ஆலங்குடி ஊருக்குள் என்றால் வார்டு உறுப்பினர், பேரூராட்சி செயல் அலுவலர். கிராமம் என்றால் ஊராட்சிச் செயலர். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100.

எழுத்தில் பதில் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். இரண்டே கேள்வி போதும். எங்கள் தெருத் தொட்டி நீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? அந்த அறிக்கையின் நகல் கிடைக்குமா? அறிக்கை நன்றாக இருந்தால் கேனுக்குப் போகும் 6,300 ரூபாய் மிச்சம். நன்றாக இல்லை என்றால், எதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.