பெயரில்லாத ஒரு படைப்பு

மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை வகுப்பில் வாசித்துத் தமிழில் விளக்கப் போகிறேன் என்றதும், ருவான்வெல்லையின் எங்கள் உயர்தரக் கலைப்பிரிவில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அது பேய்ப்படம்தானே டீச்சர்?"

படங்கள் செய்த வேலை அது. பிராங்கன்ஸ்டைன் என்பது பேயின் பெயரல்ல. விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற இளம் ஆய்வு மாணவனின் பெயர். பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்து அவன் உயிரூட்டுகிறான். அது கண் திறந்ததும் அதன் கோரத்தைச் சகிக்காமல் விட்டுவிட்டு ஓடுகிறான். கடைசிவரை அதற்குப் பெயர் இல்லை.

1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக மறு வருடம் ஐரோப்பாவில் கோடையே இல்லாமற் போயிற்று. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அடைபட்ட நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார்கள். மேரி எழுதத் தொடங்கியது அப்படித்தான். அப்போது வயது 18. 1818இல் நூல் வந்தபோது அதில் ஆசிரியர் பெயரே இல்லை. "எங்கட வயசு!" என்று பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"உயிர் குடுக்கிறது அல்லாஹ்ட வேலை. இதைப் படிக்கேலுமா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் நாவல் விக்டரைப் புகழவில்லை. எல்லை மறந்தவன் தன் உறவுகளை ஒவ்வொருவராக இழப்பதையே காட்டுகிறது. உடனே ஒரு மாணவி சொன்னாள்: "செஞ்சது ஒரு குற்றம். செஞ்சிட்டு விட்டுட்டு ஓடினது அதைவிடப் பெரிய குற்றம்." அமானிதம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம் வாசகர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஒரு குடிசையருகே ஒளிந்திருக்கும் அந்தப் படைப்பு, அங்கு வந்த ஸபியா என்ற துருக்கி வணிகர் மகளுக்கு நடக்கும் பாடத்தை ஒட்டுக்கேட்டே மொழி பழகுகிறது. அவளுடைய தந்தை பாரிஸில் தண்டிக்கப்பட்டதற்கு அவரது மதமும் செல்வமுமே காரணம் என்று நாவல் வெளிப்படையாகச் சொல்கிறது. பிறகு அதே மனிதரை நன்றிகெட்டவராக்குகிறது. முஸ்லிம் பெண்களின் வாழ்வையும் கேள்விஞானத்தில் தீட்டுகிறது. முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே என்ற நூலே இங்கே சறுக்குவதை மாணவரே கண்டுபிடித்தார்கள்.

இந்தக் கதை நம்மவர் கையிலும் மறுபிறவி எடுத்தது. ஈராக்கின் அஹ்மத் சஅதாவி 2013இல் 'பக்தாதில் பிராங்கன்ஸ்டைன்' எழுதினார். குண்டுவெடிப்பில் சிதறியவர்களின் உறுப்புகளை ஒருவர் சேர்த்துத் தைக்கிறார். முறையாக அடக்க வேண்டும் என்பதற்காக.

பெரிய வாக்குவாதம் கொலையைப் பற்றித்தான். அந்தப் படைப்பு விக்டரின் சின்னத் தம்பியைக் கொல்கிறது. "எல்லாரும் வெறுத்தாங்க எண்டதுக்காகக் கொலையை மன்னிக்கிறதா?" என்றது ஒரு பக்கம். "மன்னிக்கச் சொல்லல்ல, காரணத்தைப் பாருங்க" என்றது மறுபக்கம். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நாவலும் சொல்லவில்லை.

அதுவரை பேசாதிருந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை எழுந்தாள். "பேர் இல்லாட்டி ஆளாளுக்கு ஒரு பேர் வப்பாங்க டீச்சர். எங்க பாட்டிக்குத் தோட்டத்துச் செக்ரோல்ல பேர் இருந்துச்சு. நாட்டுல இல்ல."

1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தை நான் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் வகுப்பு அதைக் கேட்டது.

பேய்க்கதைதானே என்று இந்நூலை ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அவர்கள் பேசுவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.