மில் தூசியை அளப்பது யார்?

மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் நாம் ஈரப்பதத்தைக்கூட மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் விலை பேசுவோம். ஆனால் செத்தல் மிளகாய் அரைக்கும் தொழிலாளியின் மூக்கில் ஏறும் தூசியை அளந்தவர் உண்டா? என் மில்லில் எட்டு வருடம் நின்ற இளைஞர் ஒருவர் தீராத இருமலோடு விலகிப் போனார். வாயில் கட்டத் துணி கொடுத்ததோடு என் பொறுப்பு முடிந்ததென்றிருந்தேன். நுண்தூசி துணிக்கு நிற்காது என்பது பிறகுதான் தெரிந்தது.

தூசியை அகற்ற வேண்டுமென எமது தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலேயே சொல்லிவிட்டது. தூசியையும் இரைச்சலையும் அளந்து, உறிஞ்சு விசிறி எங்கே பூட்டுவதென்று சொல்வது தனியொரு தொழில். அதற்கு ஆட்களைப் பயிற்றுவிக்க நாட்டில் பலமான தொழில்வாண்மையாளர் சங்கம் வேண்டும். அது தனித்து வளராது.

ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த சிம்ப்ளோன் சுரங்கத் தொழிலாளர் பட்ட பாட்டைக் கண்ட வைத்தியர்கள் 1906இல் இத்தாலியின் மிலானில் கூடினார்கள். தொழில்சார் சுகாதாரத்துக்கான சர்வதேச ஆணைக்குழு அங்குதான் பிறந்தது. 1987இல் தோன்றிய சர்வதேச தொழில்சார் சுகாதாரவியல் சங்கம் பல நாட்டுச் சங்கங்களை இணைத்து, அவை வழங்கும் தகைமைச் சான்றிதழ்களையும் பரிசீலித்து அங்கீகரிக்கிறது. பயிற்சிப் பாடங்கள் இன்று இணையத்தில் இலவசம். கடனுக்குச் சரக்கு கேட்க வெட்கப்படாத நாம் இதைக் கேட்கத் தயங்குவானேன்?

எமது நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவகம் இருக்கிறது. அளவுகருவியோடு ஒருவரை அனுப்பும்படி மாத்தளை மில்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து எழுதினால் செலவும் பத்தாகப் பிரியும். முதலில் என் மில்லுக்கே வரட்டும்.