சுடுவது ஒன்று, கெடுவது வேறொன்று

சித்திரை மாதம். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், பிற்பகல் இரண்டு மணிக்குக் குத்தாலம் தெருக்களில் ஆள் நடமாட்டம் இராது. (அருவி கொட்டும் குற்றாலம் அல்ல, மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே, காவிரிக் கரையில் இருக்கும் குத்தாலம்.) உளுந்தும் பயறும் எடுத்த வயல்கள் வெடித்துக் கிடக்கும். சில நாட்களில் வெப்பமானி 40° செல்சியஸைத் தொட்டுவிடும்.

என் பெரியப்பாவுக்கு அதுதான் கச்சேரி நேரம். கூடத்துத் தேக்கு அலமாரிக்குள் ஒரு பழைய வால்வு முன்பெருக்கி. அதனுடன் இணைந்த சுழல்மேடையில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. திருவாவடுதுறை பக்கத்து ஊர்தான். அதனால் அந்த நாதசுரத்தின் மேல் பெரியப்பாவுக்கு ஓர் உரிமை உண்டு.

ஒரு கோடையில் அந்த உரிமைக்குச் சோதனை வந்தது. முதல் அரை மணி நேரம் நாதசுரம் தேனாக ஒலிக்கும். பிறகு பிசிறடிக்கத் தொடங்கும். அடியில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். இரவில் இந்தத் தொல்லை குறைவு. மார்கழியில் அறவே இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னோம்: "வால்வு அந்தக் கொதி கொதிக்குது; பாட்டு எப்படி ஒழுங்கா வரும்?" நாலு வால்வுகளையும் மாற்றினார் பெரியப்பா. நல்ல விலை. இரண்டே வாரத்தில் மறுபடியும் அதே பிசிறு! பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

தீர்ப்பு சரிதானா? குற்றவாளியைப் பிடிக்குமுன், முன்பெருக்கிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

இசைத்தட்டின் மேல் ஓடும் காந்த வகை முள்ளிலிருந்து கிடைக்கும் மின்னழுத்தம் சில மில்லி வோல்ட்டே. அதை ஏறத்தாழ 1 வோல்ட் அளவுக்கு உயர்த்திப் பெரிய பெருக்கிக்கு அனுப்புவதே முன்பெருக்கியின் வேலை. இதைச் செய்ய இன்று ஒரு சிறு சில்லு போதும். அன்று வால்வு வேண்டும். 1904இல் ஃபிளெமிங் இரு மின்வாய் வால்வை அமைத்தார். 1906இல் டி ஃபாரஸ்ட் இடையே ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அந்த வலைக்குத்தான் கிரிட் என்று பெயர். நம் நாட்டில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் வானொலி வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவும் திருவிழா மைக் செட்டும் வால்வை நம்பி இருந்த காலம் அது.

வால்வின் நடுவே ஒரு நிக்கல் குழாய். அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளின் வெண்பூச்சு. இதுதான் கேதோடு. உள்ளே ஒரு சூடேற்றி இழை. கேதோடு ஏறத்தாழ 800° செல்சியஸுக்குச் சூடேறி மங்கிய செந்நிறமாக ஒளிரும்போதுதான் எலக்ட்ரான்கள் அதிலிருந்து கிளம்பும். பூச்சு இல்லாத டங்ஸ்டன் இழை என்றால் 2,000°க்கு மேல் போகவேண்டும்! ஆகவே சூடு வால்வின் நோய் அன்று. அதுவே அதன் உயிர். சூடு குறைந்தால்தான் வால்வுக்குச் சங்கடம். மாலையில் மின்னழுத்தம் இறங்கும் ஊர்களில் வால்வு ரேடியோக்கள் ஈனக் குரலில் பேசியது இதனால்தான். அழுத்தம் மிகுந்தாலோ பூச்சிலுள்ள பேரியம் விரைவாக ஆவியாகி, வால்வின் ஆயுள் குறையும்.

சரி, அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு வெப்பம் பிறக்கிறது? கணக்குப் போடுவோம். முன்பெருக்கிகளில் பெரிதும் காணப்படும் வால்வு ஈ.சி.சி. 83. அமெரிக்கர் இதை 12ஏ.எக்ஸ்.7 என்பார்கள். அதன் சூடேற்றிக்கு 6.3 வோல்ட், 0.3 ஆம்பியர். பெருக்கினால் 1.9 வாட். நாலு வால்வுக்கு 7.6 வாட். ஒவ்வொரு வால்வுக்குள்ளும் இரண்டு பகுதிகள். ஆக எட்டுப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் 250 வோல்ட்டில் சுமார் 1 மில்லி ஆம்பியர் ஓடுவதாகக் கொண்டால் எட்டுக்கும் சேர்த்து 2 வாட். மொத்தம் 9.6 வாட்.

வெளியே போகும் இசையின் திறன் எவ்வளவு தெரியுமா? 2 வோல்ட் சைகை 1 லட்சம் ஓம் தடையில் பாய்ந்தால் 0.00004 வாட்! மற்றதெல்லாம் வெப்பமே. ஆனாலும் 10 வாட் என்பது ஒரு சிறிய எல்.ஈ.டி. பல்பு எடுக்கும் திறன்தான். அது எப்படி ஒரு பெட்டியைக் கெடுக்கும்?

இங்கேதான் பலர் வழுக்குகிறோம். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? எத்தனை வாட் பிறக்கிறது என்பது மட்டும் முக்கியமன்று. அது வெளியேற வழி இருக்கிறதா என்பதே கேள்வி. வால்வுக்குள் வெற்றிடம். காற்றின் துணை இல்லாமல் கதிர்வீச்சாகவே பெரும்பகுதி வெப்பம் கண்ணாடிக்கு வரவேண்டும். பிறகு கண்ணாடியைத் தொடும் காற்று சூடாகி மேலே எழ, கீழிருந்து குளிர்ந்த காற்று வரவேண்டும். பெரியப்பாவின் அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு. பெட்டியின் மேல் பெரியம்மா பூவேலை செய்த துணி. துணியின் மேல் சாமி படம். காற்று எங்கே எழும்?

பெட்டியைப் பரணில் ஏற்றுமுன் கடைசி முயற்சியாக ஒரு ரேடியோ மெக்கானிக்கை அழைத்து வந்தோம். கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டியே முடி நரைத்தவர். பெட்டியை ஒரு மணி நேரம் ஓடவிட்டார். வால்வுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்து, அடியில் ஓரிடத்தில் மீட்டரின் முனையை வைத்தார்.

"என்ன அண்ணே, வால்வைப் பாக்கலையா?" என்றார் பெரியப்பா.

"உலை சிவந்திருந்தா அது நல்ல உலை, தம்பி. பக்கத்துல வைக்கோல் போர் போட்டவனைத்தான் கேக்கணும்."

குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. ஆற்றிடையே உள்ள மேட்டுக்குத் துருத்தி என்று பெயர். கொல்லன் துருத்தி அன்று. இருந்தாலும் அந்த ஊரில் உலையை வைத்தே அவர் விளக்கியது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அவர் தேடிய வைக்கோல் போர், கண்டென்சர் என்று கடைக்காரர்கள் சொல்லும் மின்தேக்கி. ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு இசை ஒரு மின்தேக்கி வழியாகப் போகிறது. முதல் வால்வின் ஆனோடில் 150 வோல்ட் போல நேர்மின்னழுத்தம் நிற்கும். மின்தேக்கி இசையின் மாறுமின் அலையை விட்டுவிட்டு, இந்த 150 வோல்ட்டைத் தடுக்கவேண்டும். பழைய பெட்டிகளில் இது மெழுகூட்டிய காகிதத்தால் ஆனது. காலப்போக்கில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் மெல்லக் கசியத் தொடங்கும். வெப்பநிலை ஏற ஏறக் கசிவும் ஏறும்.

எவ்வளவு கசிந்தால் கெடுதல்? அடுத்த வால்வின் கிரிட் கேதோடைவிடச் சுமார் 1.5 வோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கவேண்டும். கிரிட்டிலிருந்து தரைக்கு 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகாஓம் தடை. ஓம் விதியைப் போடுங்கள். ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கசிந்தாலே அந்தத் தடையின் குறுக்கே 1 வோல்ட் தோன்றிவிடும்! வால்வின் சமநிலை குலைகிறது, மின்னோட்டம் கூடுகிறது, நாதசுரம் பிசிறடிக்கிறது. மெக்கானிக்கின் மீட்டர் பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில் அன்று 1.2 வோல்ட் காட்டிற்று. பெரிய திறன் வால்வுக்கு முன்னால் இப்படிக் கசிந்தால், அதன் ஆனோடே சிவக்கச் சிவக்கக் காய்ந்து வால்வு மாண்டுபோகும். பார்ப்பவர் பழி போடுவது வால்வின் மேல்!

'உம்ம்' இரைச்சலுக்குக் காரணம் இன்னொரு மின்தேக்கி. 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தை நேராக்கியபின் எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலையைச் சமன்படுத்தும் மின்னாற்பகு மின்தேக்கி அது. உள்ளே ஈரமான மின்பகு கரைசல் இருக்கும். அது உலர்ந்தால் தேக்குதிறன் போயிற்று.

கோடையில் இட்லி மாவு எவ்வளவு விரைவாகப் புளிக்கிறது? வெப்பநிலை ஏறினால் வேதிவினையின் வேகம் எப்படி ஏறும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டு அர்ஹீனியஸ் 1889இல் ஒரு சமன்பாடு தந்தார். மின்னாற்பகு மின்தேக்கி செய்பவர்கள் அதைச் சுருக்கி ஒரு கைக்கணக்காக வைத்திருக்கிறார்கள்: வெப்பநிலை 10° குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு. 85°இல் 2,000 மணி உழைப்பது 75°இல் 4,000 மணி, 65°இல் 8,000 மணி, 45°இல் 32,000 மணி உழைக்கும். சித்திரையின் 40° அறையில், திறந்த மேசை மேல் பெட்டிக்குள் 25° கூடுதல் என்று கொள்வோம், 65°. தினம் நான்கு மணி நேரம் கேட்டால் ஐந்தரை ஆண்டு. மூடிய அலமாரிக்குள் 40° கூடுதல் என்றால் 80°. ஆயுள் சுமார் 2,800 மணி, இரண்டு ஆண்டுகூட இல்லை. பூவேலைத் துணியின் விலை இப்போது புரிகிறதா?

அப்படியானால் வால்வு சாகவே சாகாதா? சாகும், பெரும்பாலும் ஏற்றி இறக்கும்போது. டங்ஸ்டன் குளிர்ந்திருக்கையில் அதன் தடை மிகக் குறைவு. ஆகவே விசையைப் போட்டவுடன் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. இழை ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் டாமி ஃபிளவர்ஸ் சுமார் 1,600 வால்வுகளைக் கொண்டு 'கொலோசஸ்' கணிப்பொறியைக் கட்ட முன்வந்தார். இத்தனை வால்வுகள் ஒருசேர உழைக்கா என்று பலர் ஐயப்பட்டனர். அணைக்காமல் வைத்திருந்தால் உழைக்கும் என்றார் அவர். 1944இல் உழைத்தும் காட்டிற்று. 1946இல் அமெரிக்காவில் வெளிவந்த 'எனியாக்' கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள். அவற்றைத் தாங்கக்கூடிய அளவுக்கு வெகு கீழேயே இயக்கினார்கள். பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' கணிப்பொறியிலும் 2,700 வால்வுகள் இருந்தன.

இதைக் கேட்டுப் பெரியப்பா பெட்டியை இரவு பகலாக எரியவிட்டுவிடுவாரோ என்று பயந்தேன். வீட்டுக்கு அது வேண்டியதில்லை. தட்டுக்குத் தட்டு அணைத்துப் போடாமல், கேட்டு முடித்தபின் ஒரு முறை அணைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் கதை மாறும்; அப்போது தினம் சிறிது நேரம் ஓடும் பெட்டி தன் சூட்டாலேயே ஈரத்தை விரட்டிக்கொள்ளும். பரணில் கிடப்பது பூஞ்சை பிடிக்கும்.

குளிர்ந்த இழையின் தடையை நீங்களே அளக்கலாம். 230 வோல்ட், 60 வாட் பழைய இழை பல்பு ஒன்றைக் கழற்றி எடுங்கள். எரியும்போது அதன் தடை, கணக்கின்படி, ஏறத்தாழ 880 ஓம். கையில் வைத்து மல்டிமீட்டரால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் வால்வுப் பெட்டியைத் திறக்கும் வேலை மட்டும் வேண்டாம். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கி அதைத் தேக்கி வைத்திருக்கும், உயிருக்கே ஆபத்து.

மெக்கானிக் காகித மின்தேக்கிகளை எடுத்துவிட்டுப் பாலியெஸ்டர் படல மின்தேக்கிகளைப் போட்டார். மின்னாற்பகு மின்தேக்கியை, மின்னோட்டத்தை நேராக்கும் வால்வின் பக்கத்திலிருந்து பெட்டியின் மறுகோடிக்கு மாற்றினார். 105° தாங்கும் வகை. ஆனோடு மின்தடைகளில் 0.1 வாட்தான் செலவாகிறது என்றாலும் 1 வாட் அளவுள்ளவற்றை வைத்தார். உடல் பெரிதானால் சூடு குறையுமாம்.

பிறகு பெரியப்பா ஒதுக்கி வைத்திருந்த பழைய நாலு வால்வுகளையும் கேட்டு வாங்கினார். கண்ணாடியின் உச்சியில் வெள்ளி போன்ற பூச்சு பளபளப்பாக இருந்தது. காற்று புகுந்திருந்தால் அது பால் வெளுப்பாகிவிடும். அவற்றையே மறுபடி செருகினார். மாலை வரை தோடி ஓடிற்று, பிசிறு இல்லை.

புது வால்வுகள் அட்டைப் பெட்டியிலேயே இருக்கின்றன. முன்பெருக்கி திறந்த மேசைக்கு வந்துவிட்டது. பெரியம்மாவின் பூவேலைத் துணி இப்போது தண்ணீர்ப் பானையின் மேல்.