நிறுத்திய மின்வடமும் கொல்லும்

ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெரியில் போகும்போது, பினாங்குத் துறைமுகத்தின் உயரமான பாரந்தூக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். கொள்கலன்களைத் தூக்கும் இத்தகைய இயந்திரங்களுக்குக் கரையிலிருந்து தடித்த மின்வடம் வழியாகப் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் செல்லும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தான்.

ஏன் இவ்வளவு? மின்னழுத்தம் 10 மடங்கு கூடினால், அதே திறனுக்கு மின்னோட்டம் 10-இல் ஒரு பங்கு போதும். மின்வடத்தில் வெப்பமாக வீணாகும் ஆற்றலோ 100-இல் ஒரு பங்காகிவிடும்.

பழுது பார்க்கும்போது சுவிட்சை நிறுத்தினால் போதுமா? போதாது. மின்வடத்தின் உள்ளே கம்பி, நடுவில் காப்புப்பொருள், வெளியே உலோக உறை. இது மின்தேக்கியின் அமைப்பேதான்! நிறுத்திய பிறகும் அதில் தங்கியிருக்கும் மின்னூட்டம் ஆளைக் கொல்லலாம்.

ஆகவே, தகுதிச் சான்று பெற்ற பணியாளர்கள் ஒரு வரிசையைப் பின்பற்றுகிறார்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். வேறு யாரும் இயக்காதபடி சுவிட்சைப் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டுவார்கள். மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதிப்பார்கள்; அந்தக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதையும் சோதனைக்கு முன்னும் பின்னும் பார்ப்பார்கள். பிறகு கம்பிகளைப் புவியுடன் இணைப்பார்கள். எஞ்சிய மின்னூட்டம் மண்ணில் இறங்கிவிடும். அதன்பின்தான் கை வைப்பார்கள்.

துறைமுகத்தில் கடற்காற்றும் ஓர் எதிரி. அது கொண்டுவரும் உப்பு மின்காப்பான்களில் படியும். ஈரம் பட்டால் அதன்வழி மின்சாரம் கசியும். அதனால் அவற்றைத் துடைத்து வைப்பதும் உயிர் காக்கும் வேலையே.

மாணவர்களே, துணைமின்நிலைய வேலிக்குள் உங்கள் பந்து விழுந்தால் ஏறிக் குதிக்காதீர்கள். உயர் மின்னழுத்தம் காற்றிடைவெளியையும் தாண்டி, தொடாமலேயே தாக்கும். பந்து போனால் போகட்டும்!